நல்ல தண்ணீர் மீனின் பல்

முதல் ஓலை வாசித்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானமே வியாகுலம் சித்தப்பா பங்குச் சாமியாரைப் பார்க்கப் போய்விட்டு வந்தார் என்ற செய்தி, லீமாரோஸின் காதுக்குத் திங்கட்கிழமை காலையில்தான் வந்தது. கருவாட்டுக் கொட்டகையில் திருக்கையைத் துண்டு போட்டுக்கொண்டிருந்தாள். அண்ணன் ஜெபமாலை வந்து பக்கத்தில் நின்று, முதலில் கையில் இருக்கிற கத்தியைக் கீழே வை என்றான். வைத்தாள். அதற்கப்புறம்தான் விஷயத்தைச் சொன்னான்.

பாம்பன் கோயிலில் கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு, பூசையின்போது சாமியார் ஓலை வாசிப்பார். இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் விவாகம் நடக்க இருக்கிறது, தடை ஏதேனும் தெரிந்தவர்கள் வந்து சொல்லக் கடவார்கள், தெரிந்தும் மறைத்தால் பாவம் என்று. இத்தனை வருஷத்தில் யாரும் போய் எதுவும் சொன்னதாக லீமாரோஸுக்கு நினைவில்லை. வியாகுலம் சொல்லிவிட்டார். லீமாரோஸுக்குப் பேசியிருக்கிற மாப்பிள்ளை கில்பர்ட்டின் இடது கையில் சுண்டு விரலும் மோதிர விரலும் பாதிக்கு மேல் இல்லை, மனிதன் எந்நேரமும் அந்தக் கையைக் கால்சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டே திரிகிறான், அது பெருவியாதி, குஷ்டம் என்று.

வியாகுலம் கெட்ட மனிதர் இல்லை. அதுதான் சங்கடம். லீமாரோஸின் அப்பா கடலில் போன பிறகு, தன் வள்ளத்தில் ஜெபமாலையை ஏற்றித் தொழில் கற்றுக் கொடுத்தவர். சுறாத் தூண்டில் போடுவதில் தீவில் அவருக்கு மிஞ்சி ஆள் கிடையாது. பிள்ளையை நோய்க்காரனுக்குக் கட்டிக் கொடுத்து நாளைக்கு அது அழுதால் செத்துப்போன அண்ணனுக்கு நான் என்ன பதில் சொல்லுவேன் என்று சாமியாரிடம் கண்ணீர் விட்டாராம்.

சாமியார் நிதானமாகத்தான் பேசியிருக்கிறார். திருச்சபைச் சட்டப்படி வியாதி ஒரு தடை இல்லை, ஓலையை நிறுத்த எனக்கு முகாந்திரம் இல்லை; ஆனால் பெண் வீட்டார் வேண்டாமென்றால் சனிக்கிழமை சாயங்காலத்துக்குள் வந்து சொல்லட்டும், இரண்டாவது ஓலையை வாசிக்கவில்லை என்றிருக்கிறார்.

"நீ என்ன சொல்லுற?" என்று ஜெபமாலை கேட்டான்.

"அவுக மீன் கடிச்சதுன்னு சொன்னாக."

"அத யாரு பாத்தா?"

கத்தியை எடுத்துத் திருக்கையின் சிறகைப் பிளந்தாள்.

அவளுக்கு வயது இருபத்தெட்டு. இரண்டு இடம் வந்து தட்டிப் போயிருந்தது. மூன்றாவதாக வந்தவன் கில்பர்ட். பதினாறு வயதில் கொழும்புக்குப் போய், அங்கிருந்து சரக்குக் கப்பலில் ஏறி, பதினோரு வருஷம் எஞ்சின் அறையில் எண்ணெய் போட்டுவிட்டுப் போன மாசிமாதம் ஊர் திரும்பினவன். கொட்டகைக்குத் தண்ணீர் இறைக்கும் பம்பு நின்று போனபோது சரிபண்ண வந்தான். விரல் என்னாச்சு என்று முதல் நாளே கேட்டவள் அவள்தான். வேறு யாரும் வாய்விட்டுக் கேட்டதில்லை. பார்த்துவிட்டுப் பார்வையைத் திருப்பிக்கொண்டார்கள், அவனும் கையைப் பைக்குள் விட்டுக்கொண்டான்.

அவளிடம் சொன்னான். பிரேசில் என்று ஒரு தேசம். அங்கே ஒரு ஆறு. கப்பல் கடலை விட்டு அந்த ஆற்றுக்குள் நுழைந்து ஆயிரம் மைல் உள்ளே போகும். கப்பலின் கைப்பிடிக் கம்பியோரம் நின்று பார்த்தால் அக்கரை தெரியாது. கடல் மாதிரி அலை அடிக்கும், வாளியை விட்டு மொண்டு குடித்தால் நல்ல தண்ணீர்.

இந்த இடத்தில் கொட்டகைப் பெண்கள் அத்தனை பேரும் வேலையை நிறுத்திவிட்டார்கள். மணலைத் தோண்டி ஊற்றுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, சிரட்டையால் மொண்டு மொண்டு குடம் நிரப்புகிற சனம். அக்கரை தெரியாத அளவுக்கு நல்ல தண்ணீரா? அதற்கு மேல் அவன் சொன்ன மீன் கதை யாருக்கும் பெரிதாகப் படவில்லை. லீமாரோஸுக்கு மட்டும் பட்டது. உள்ளங்கை அகல மீன், பிரானா என்று பேராம். தூண்டிலில் பிடித்து, செத்துவிட்டது என்று நினைத்து முள்ளைக் கழற்றப் போனான். ஒரே கடி. வலி தெரிவதற்கு முன்னால் விரல் போயிருந்தது என்றான்.

அன்றைக்கு நம்பினாள். இப்போது அண்ணன் கேட்ட பிறகு, நம்பினாளா அல்லது நம்ப ஆசைப்பட்டாளா என்று அவளுக்கே தெரியவில்லை. அந்த வாரம் முழுக்க, வெட்டுகிற ஒவ்வொரு மீனின் வாயையும் திறந்து பார்த்தாள். சீலாவின் பல் ஊசி, குத்தும், துளைக்கும். கடல் விலாங்கு பிடித்தால் விடாது, ஆனால் அறுக்காது. சுறாவின் பல் அறுக்கும், தலையை ஆட்டி ஆட்டிக் கிழித்துத்தான் அறுக்கும். காயம் கந்தலாக இருக்கும். விரலை மொட்டையாக, கத்தி வைத்த மாதிரி எடுக்கிற வாய் எது? யாரும் சீந்தாமல் கரையில் வீசுகிற பேத்தை மீன் ஒன்றை எடுத்துப் பார்த்தாள். மேலே இரண்டு, கீழே இரண்டு, கிளி மூக்கு போலப் பல். தூண்டில் முள்ளைக்கூடக் கடித்துத் துப்புகிற வாய் அது. இருக்கலாம் என்று ஒரு மனம் சொன்னது. இருக்கலாம் என்பதை வைத்துக்கொண்டு சாமியாரிடம் போக முடியுமா?

ராமநாதபுரம் பெரிய ஆஸ்பத்திரியில் காட்டிச் சீட்டு வாங்கி வரட்டுமே என்று ஜெபமாலை சொல்லி அனுப்பினான். கில்பர்ட் மாட்டேன் என்றுவிட்டான். அந்த நோய்க்காரர் வரிசையில் ஒரு நாள் நின்றால் போதும், வியாதி இல்லை என்ற சீட்டைத் தூக்கிக் காட்டிக்கொண்டே ஆயுசுக்கும் அலைய வேண்டியதுதான், நின்றதைத்தான் ஊர் பேசும், சீட்டையா படிக்கப் போகிறார்கள் என்றானாம். அவன் சொன்னதும் நியாயம்தான். ஆனால் வியாகுலம் அதையே பிடித்துக்கொண்டார். மடியில் ஒன்றும் இல்லையென்றால் ஏன் போக மாட்டேன் என்கிறான்?

சனிக்கிழமை பத்து மணி சுமாருக்கு, வள்ளங்கள் கரையேறிக் கொட்டகையில் மீன் குவிந்து கிடந்த நேரத்தில், கில்பர்ட் வந்தான். கையில் பழைய பிஸ்கட் டப்பா ஒன்று. நேரே வியாகுலம் உட்கார்ந்திருந்த உப்பு மூட்டைக்கு முன்னால் போய் நின்றான். ஜெபமாலையும் அங்கேதான் இருந்தான். லீமாரோஸ் எழுந்து வந்தாள். வரவேண்டாமென்று அண்ணன் கண்ணைக் காட்டினான். அவள் பார்க்காத மாதிரி வந்தாள்.

டப்பாவைத் திறந்ததும் கற்பூர வாசம் வந்தது. கம்பளித் துணியைப் பிரித்தான். உள்ளே, காயவைத்து வார்னிஷ் பூசின மீன் ஒன்று. வட்டமான உடம்பு, மழுங்கின முகம், ஒரு சாண்கூட இல்லை. நம்முடைய காரல் மீன் கொஞ்சம் கொழுத்துப்போனால் எப்படி இருக்குமோ அப்படி.

வியாகுலம் சிரித்துவிட்டார். "ஏலே, இதையா ஆறாயிரம் மைலு சுமந்துட்டு வந்த? இந்தப் பொடிமீனா எலும்பத் துண்டாக்குச்சு?"

"வாயப் பாருங்க."

"எனக்கு நீ வாயக் காட்டுறியா? நான் பாக்காத வாயா?"

லீமாரோஸ் கையை நீட்டி அதை வாங்கிக்கொண்டாள். வெளிச்சத்துக்குக் கொண்டு போய்த் திருப்பினாள். உதட்டைச் சுற்றிய தோல் காய்ந்து பின்வாங்கி இருந்ததால் பல் வரிசை முழுவதும் வெளியே நின்றது. பார்த்தாள்.

பதினேழு வருஷமாக மீன் வாயைப் பார்க்கிறவள். இப்படி ஒன்றைப் பார்த்ததில்லை. முக்கோணம் முக்கோணமாக, ஒவ்வொன்றும் அடுத்ததன் தோளில் ஏறி உட்கார்ந்து, நடுவில் மயிர் நுழைய இடமில்லாமல், ஒரே தகட்டில் அரத்தை வைத்து ராவி எடுத்தது போல ஒரு வரிசை. மேல் வரிசையின் பள்ளத்தில் கீழ் வரிசையின் முனை போய் உட்காருகிறது. காய்ந்தும் தாடையின் மூட்டு அசைந்தது; மெதுவாக மூடிப் பார்த்தாள். சந்து இல்லை. சத்தம் மட்டும் வந்தது, சன்னமாக, தையல்காரரின் கத்தரி மூடுகிற சத்தம். திறந்து மறுபடியும் மூடினாள். கொட்டகையில் யாரோ அவள் பேரைச் சொல்லிக் கூப்பிட்டது காதில் விழுந்தது, திரும்பவில்லை.

"உள்ள இன்னொரு வரிசை இருக்கு," என்றாள், யாருக்கும் சொல்லாமல் தனக்கே சொல்வது போல.

தாடையின் உள்பக்கம் எலும்பு ஒரு இடத்தில் காய்ந்து பெயர்ந்திருந்தது. அந்தச் சந்துக்குள்ளே, மேலே இருக்கிற பல்லைப் போலவே இன்னொரு வரிசை, சின்னதாக, வெள்ளையாக, முளைக்கிற நேரத்துக்குக் காத்துக்கொண்டு ஒளிந்திருந்தது.

கில்பர்ட் கிட்டே வந்து சொன்னான். "சுறாவுக்கு ஒண்ணொண்ணா விழும், ஒண்ணொண்ணா வரும். இதுக்கு அப்படி இல்லையாம். ஒரு பக்கத்துப் பல்லு அம்புட்டும் சேந்தாப்புல விழுந்துருமாம். பல்லுக்குப் பல்லு பின்னியிருக்குல்ல, ஒண்ணு தனியா விழ ஏலாது. அது வரைக்கும் அடுத்த பக்கத்த வச்சுச் சாப்பிடுமாம். அங்கன உள்ள செம்படவுக சொன்னாக."

ஆண்டவர் ஐந்தாம் நாளில் மீன்களைப் படைத்தார் என்று ஞானோபதேசத்தில் படித்திருக்கிறாள். அத்தனை கடலுக்கும் அத்தனை ஆற்றுக்கும் ஒரே நாளில் எப்படி முடிந்தது என்று சின்ன வயதில் கேட்டு அடியும் வாங்கியிருக்கிறாள். இப்போது அந்த நினைவு வந்தது. அக்கரை தெரியாத ஒரு ஆற்றில், கலங்கின தண்ணீருக்கு அடியில், ஒரு மனிதனும் பார்க்காத இடத்தில், இந்த ஒரு சின்ன வாய்க்காக இவ்வளவு நேரம் உட்கார்ந்து வேலை பார்த்திருக்கிறாரே என்று நினைத்தாள்.

வியாகுலம் எழுந்து வந்தார். தொழில்காரர் அல்லவா, கண் நிற்கவில்லை. வாங்கிப் பார்த்தார், கட்டைவிரலால் தடவப் போய் எதற்கோ நிறுத்திக்கொண்டார். பிறகு தன் இடுப்பில் சுருட்டிச் செருகியிருந்த சுறாத் தூண்டில் கயிற்றின் நுனியை எடுத்து அந்த வாய்க்குள் வைத்தார். மூன்று புரி போட்டு முறுக்கி, பட்டைச் சாற்றில் ஊறவைத்த கயிறு. நாலு முழச் சுறா இழுத்தும் அறாத கயிறு. தாடையை இரண்டு விரலால் அமுக்கினார். நுனி தரையில் விழுந்தது.

குனிந்து அந்தத் துண்டை எடுத்து, அறுந்த இடத்தைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். பிசிறு இல்லை.

"கெட்டிக்காரப் பய மீனு," என்றார் கடைசியில். குரல் இறங்கியிருந்தது. "அது வெட்டும். நான் ஒத்துக்கிறேன். ஆனா இவன அதுதான் வெட்டுச்சுன்னு எப்படி ஒத்துக்கிறது? நான் நாளைக்கு ஒரு புலிப் பல்ல வாங்கியாந்து, என்னையப் புலி கடிச்சதுன்னா நம்புவீகளா?"

பெண்கள் சிலர் வாயைப் பொத்திக்கொண்டார்கள். கில்பர்ட்டின் முகம் கறுத்தது.

லீமாரோஸ் சொன்னாள், அளந்து பார்ப்போம் என்று. கையைக் காட்டச் சொன்னாள். அவன் தயங்கினான், பிறகு பைக்குள்ளிருந்து இடது கையை எடுத்து நீட்டினான். பட்டப்பகலில், அத்தனை பேருக்கு முன்னால், தாலி ஏறாத பெண் ஒரு ஆணின் கையைப் பிடித்தாள். ஜெபமாலை ஒரு அடி முன்னால் வந்தான். என்ன நினைத்தானோ, நின்றுவிட்டான். வலை பின்னுகிற நூலை எடுத்து, வெட்டுப்பட்ட இரண்டு விரலுக்கும் குறுக்காக வைத்து அளந்தாள். அதே நூலை மீன் வாயில் வைத்தாள். நூல் வாய்க்கு வெளியே நீண்டு நின்றது.

இன்னொரு தடவை அளந்தாள். அப்படியேதான் நின்றது. இந்த வாய்க்குள் ஒரு விரல் போகும். இரண்டு போகாது.

வியாகுலம் அதைப் பார்த்துவிட்டார். அவர் சிரிக்கவில்லை என்பதுதான் லீமாரோஸுக்கு இன்னும் பயமாக இருந்தது. வருத்தத்தோடு ஜெபமாலையின் தோளில் கை வைத்து, வாப்பா, சாமியார் வீட்டுக்குப் போயிட்டு வந்துருவோம் என்றார்.

"சித்தப்பா," என்று கில்பர்ட் சொன்னான், "என்னையக் கடிச்சது கருப்பு சாதி. இத விடப் பெருசு. அது என் விரலோட தண்ணிக்குள்ள போயிருச்சு. திரும்பக் கூப்பிட்டு வாங்கியாரவா? இது சந்தையில வாங்குனது. ஊருல கேப்பாகன்னு வாங்குனது." கொஞ்சம் நிறுத்தி, "கேக்கத்தான் ஒருத்தரும் இல்ல," என்றான்.

ஜெபமாலை துண்டை உதறித் தோளில் போட்டான். போகிறதுதான் என்று தீர்மானித்துவிட்ட துண்டு அது.

லீமாரோஸ் இன்னும் அந்தக் கையை விடவில்லை. மொட்டை விரல்களின் நுனி மழமழவென்று, உருண்டு, செத்த தோல் போலத்தான் இருந்தது. அவள் மனதில் சந்தியாகு தாத்தா வந்தார். வெள்ளிக்கிழமைதோறும் கோயில் வாசலில் உட்காருகிறவர். பெருவியாதிக்காரர் என்று எல்லாரும் எட்ட நின்று காசு போடுவார்கள். அவள் அவருக்குக் கருவாடு கொண்டுபோய்க் கொடுப்பாள். ஒருநாள் அவர் உள்ளங்காலில் கருவேலமுள் முக்கால்வாசி இறங்கியிருந்தது. தாத்தா, முள்ளு என்றாள். எங்கன என்று கேட்டார். காலைத் தூக்கிப் பார்த்த பிறகுதான் அவருக்கே தெரிந்தது. அந்தச் சதைக்கு உணர்ச்சி கிடையாது, தாயி என்றார் சாதாரணமாக.

இதை வாய்விட்டுச் சொல்லக் கூடாது என்று அந்தக் கணமே அவளுக்குப் புரிந்தது. சொல்லிவிட்டுக் குத்தினால், வலிக்காதவனும் வலிக்கிற மாதிரி நடிக்கலாம் என்பார்கள். ஊர் என்ன சொல்லும் என்பதுகூட இரண்டாவது. அவளுக்கே தெரிய வேண்டியிருந்தது. வலிக்கவில்லை என்றால்? அதற்கு மேல் அவள் யோசிக்கவில்லை.

"இருங்கண்ணே, நூலு நழுவிருச்சு, ஒருக்கா சரியா வச்சுப் பாத்துக்கிறேன்," என்றாள். மீனை விரலுக்குப் பக்கத்தில் கொண்டு வந்தாள். தலையைத் தூக்காமலே கில்பர்ட்டிடம் கேட்டாள். "அந்த ஆத்துல அக்கரை தெரியாதுன்னீகளே. எத்தனை நாளைக்குத் தெரியாது?"

அவனுக்கு ஒன்றும் புரியவில்லை. இந்த நேரத்தில் இவள் எதற்கு ஆற்றைக் கேட்கிறாள்? ஆனாலும் கேட்டது அவள். பாலத்துப் பக்கம் கடலைப் பார்த்துக்கொண்டு, கசந்துபோன குரலில் சொன்னான்.

"மொத ரெண்டு நாளு தண்ணி மட்டுந்தான். மூணாம் நாளு காலையில ஒரு பக்கமா கோடு கிழிச்சாப்புல மரம் தெரி..."

கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டான். மூச்சை உறிஞ்சின சத்தம் கொட்டகை முழுக்கக் கேட்டது. அடுத்து அவன் வாயிலிருந்து வந்தது கப்பல்காரர்கள் பேசுகிற ஏதோ பாஷை. அர்த்தம் தெரியாவிட்டாலும் நல்ல வார்த்தை இல்லை என்பது எல்லாருக்கும் தெரிந்தது. சுண்டு விரலின் மொட்டை நுனியில், ஒரு சிவப்புப் புள்ளி துளிர்த்து, மிளகு அளவாகி, உருண்டு, மணலில் விழுந்தது.

லீமாரோஸ் மீனைப் பார்த்தாள். கீழ்த்தாடையின் மூன்றாவது பல்லின் முனையில் ஈரம் இருந்தது. அவள் அழுத்தவே இல்லை, தொட்டதுதான். செத்து எத்தனையோ வருஷம் ஆகி, குடல் எடுத்து, காயப்போட்டு, வார்னிஷ் அடித்து, டப்பாவில் கற்பூரத்தோடு கடல் கடந்து வந்தும், தன் வேலையை மறக்காமல் செய்துவிட்டது.

"சித்தப்பா," என்றாள். "அந்த வியாதிக்காரவுகளுக்கு வலிக்குமா?"

வியாகுலம் குனிந்தார். மணலில் விழுந்த துளியைப் பார்த்தார், அவன் முகத்தைப் பார்த்தார். நடிக்கத் தெரிந்த முகம் இல்லை அது. கண்ணில் தண்ணீர் நின்றது. ஆறு மாதமாக அந்தக் கையிலிருந்து ஒரு வெற்றிலைகூட வாங்காத மனிதர், இரண்டடி நடந்து போய் அந்தக் கையைப் பிடித்தார். மொட்டை விரலைத் தன் கட்டைவிரலால் அழுத்தினார்.

"இங்கன?"

"வலிக்குது."

"இங்கன?"

"வலிக்குது சித்தப்பா. விடுங்க."

விடவில்லை. தன் துண்டின் ஓரத்தைக் கிழித்து, அந்த விரலைச் சுற்றிக் கட்டினார். "நான் ஒருத்தருக்கும் கெடுதல் நெனைக்கல," என்றார். "தெரியும்," என்றான் கில்பர்ட்.

சாமியார் வீட்டுக்கு அன்று சாயங்காலம் வியாகுலம் தனியாகத்தான் போனார். என்ன பேசினார் என்று யாருக்கும் தெரியாது. திரும்பி வரும்போது கொட்டகைப் பக்கம் வந்து, அந்த வாயை இன்னொரு தடவை காட்டு என்று கேட்டு வாங்கிப் பார்த்துவிட்டுப் போனார்.

"ஊக்குல குத்தியிருக்கலாம்ல?" என்று கில்பர்ட் லீமாரோஸைக் கேட்டான், கட்டின விரலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு. "மீனுக்கு என்னைய ரெண்டு தடவ தின்னக் குடுக்கணுமா?"

"ஊக்கக் கண்டா நீங்க கைய இழுத்துருப்பீக."

"மீனு குத்துனப்பவும் இழுக்காம இருந்திருந்தா?"

அவள் அவனைப் பார்த்தாள். "தெரியல," என்றாள். உண்மையைத்தான் சொன்னாள். அவன் தலையை ஆட்டினான்.

மறுநாள் பூசையில் சாமியார் இரண்டாவது ஓலையை வாசித்தார். கில்பர்ட் என்றார், லீமாரோஸ் என்றார், தடை ஏதேனும் தெரிந்தவர்கள் சொல்லக் கடவார்கள் என்றார். ஆண்கள் பக்கத்தில் வியாகுலம் இருமினார். கோயிலில் இருந்த சனம் மொத்தமும் திரும்பிப் பார்த்தது. அவர் வாயைத் துண்டால் பொத்திக்கொண்டு, இருமல்தான், வேறொன்றுமில்லை என்பது போல மற்றக் கையை ஆட்டினார். சாமியார் அவர் இருமி முடிக்கும் வரை காத்திருந்து, அடுத்த ஜோடியின் ஓலையை எடுத்தார்.